டேட்டோனா 500 பந்தயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் டேட்டோனா 500 கார் பந்தயம் நடைபெறுகிறது. அதை முதன்முறையாகப் பார்க்கும் நண்பர்களும் உறவினர்களும் ஏறக்குறைய ஒரே ஐயங்களைத்தான் எழுப்புகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்குவதைக் காட்டிலும் ஓரிடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியதால், அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னும் சிக்கலானவை பின்னும் வருகின்றன.

ஸ்டாக் கார் என்றால் ஷோரூமில் விற்கிற கார்தானா?

தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. இந்தப் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு 1949-இல் தன் முதன்மைத் தொடரைத் தொடங்கியபோது, விற்பனையில் உள்ள காரைப் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் ஓட்ட வேண்டும் என்றே விதி வகுத்தது. இன்று அந்தத் தொடர்பு வெளித்தோற்றத்தில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. செவ்ரோலே கமாரோ, ஃபோர்டு மஸ்டாங், டொயோட்டா கேம்ரி ஆகியவற்றின் முகச்சாயல் இருந்தாலும், உள்ளே இருப்பது பந்தயத்துக்கென்றே பற்றவைத்த எஃகுக் குழாய்ச் சட்டமும் 5.86 லிட்டர் கொள்ளளவுள்ள வி8 எஞ்சினும்தான்.

கதவுகள் திறக்காது என்பதால் ஓட்டுநர் ஜன்னல் வழியாகத்தான் உள்ளே நுழைகிறார். முகப்பு விளக்குகளாகத் தெரிபவை வெறும் ஸ்டிக்கர்கள். வேகமானியும் கிடையாது, அதனால் வரும் சிக்கலை, பந்தயத்தின் நடுவே டயர் மாற்றவும் எரிபொருள் நிரப்பவும் நிற்கும் இடமான ‘பிட்’ பற்றிய கேள்வியில் காணலாம்.

இத்தனை ஊர் இருக்க, ஒரு கடற்கரை ஊரில் போய் ஏன் பந்தயம் வைத்தார்கள்?

கடற்கரை இருந்ததால்தான். டேட்டோனாவின் மணல், அலை வடிந்த நேரத்தில் சாலையைப் போல இறுகிக் கிடக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே நிலவேகச் சாதனைகளுக்கு அந்த மணல் பயன்பட்டது. 1935-இல் மால்கம் கேம்ப்பெல் அங்கே மணிக்கு 276 மைல் வேகத்தைத் தொட்டார். அடுத்த ஆண்டிலிருந்து, பாதி மணலும் பாதி தார்ச்சாலையுமாக அமைந்த ஒரு பாதையில் கார் பந்தயங்கள் நடக்கத் தொடங்கின. அந்த ஊரில் வந்து குடியேறிய பில் ஃபிரான்ஸ் என்ற மெக்கானிக், 1947 டிசம்பரில் ஸ்ட்ரீம்லைன் விடுதியில் பந்தயக்காரர்களைக் கூட்டிப் பேசினார். அதன் விளைவாக 1948 பிப்ரவரியில் நாஸ்கார் பிறந்தது. கடற்கரைப் பாதையில் கடைசிப் பந்தயம் 1958-இல் நடந்தது. ஃபிரான்ஸ் கட்டிய புதிய தடம் 1959-இல் திறக்கப்பட்டது.

இந்த விளையாட்டுக்குக் கள்ளச்சாராயத்தோடும் உறவு உண்டு. தென் மாநில மலைப்பகுதிகளில் காய்ச்சிய சாராயத்தை இரவோடு இரவாக நகரங்களுக்குக் கடத்தியவர்கள், காவலர்களிடம் சிக்காமல் தப்புவதற்காகத் தங்கள் கார்களின் வேகத்தைக் கூட்டினார்கள்; ஓய்வுநாளில் ஒருவரோடொருவர் போட்டியிட்டும் பார்த்தார்கள். புகழ்பெற்ற ஓட்டுநர் ஜூனியர் ஜான்சன், 1956-இல் தந்தையின் சாராய ஊறல் இருந்த இடத்தில் பிடிபட்டுச் சிறை சென்றவர். முப்பது ஆண்டுகள் கழித்து, 1986-இல், அதிபர் ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

தடம் பார்க்கச் சரிந்து கிடக்கிறதே, கார் உருண்டு கீழே விழாதா?

விழாது. டேட்டோனா தடத்தின் ஒரு சுற்று 2.5 மைல், அதாவது ஏறத்தாழ 4 கிலோமீட்டர். இரு முனை வளைவுகளும் 31 பாகை சாய்ந்திருக்கின்றன. பார்வையாளர் மாடத்துக்கு எதிரே சற்றே மடங்கும் பகுதி 18 பாகை சாய்ந்திருக்கிறது. அந்த 31 பாகைச் சரிவில் நடந்து ஏறுவதே சிரமம். இவ்வளவு உயரத்துக்கு மண் வேண்டியிருந்ததால் தடத்தின் நடுவிலேயே தோண்டி எடுத்தார்கள். அந்தப் பள்ளம் இன்று லாயிட் ஏரி என்ற பெயரில் நீர் நிறைந்து கிடக்கிறது.

சாய்வின் பயனைச் சிறு கணக்கால் உணரலாம். வளைவின் ஆரம் சுமார் 305 மீட்டர். இந்தச் சாய்வில், டயரின் பக்கவாட்டுப் பிடிப்பு சிறிதும் தேவைப்படாமலேயே மணிக்கு ஏறத்தாழ 150 கி.மீ. வேகத்தில் ஒரு கார் வளைந்துவிடும். அதற்கு மேற்பட்ட வேகத்துக்குத்தான் டயர் உழைக்க வேண்டும். மணிக்கு 305 கி.மீ. வேகத்தில் செல்லும்போது, ஓட்டுநரை இருக்கையோடு அழுத்தும் விசை அவருடைய எடையைப் போல இரு மடங்காகிறது; போதாக்குறைக்கு அவர் எடையில் ஒன்றரை மடங்கு விசை பக்கவாட்டிலும் தள்ளுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை என்று 200 சுற்றுகளுக்கு இது நடக்கிறது.

எல்லாரும் இடது பக்கமே திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். இதில் என்ன திறமை வேண்டிக்கிடக்கிறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவரின் குரலில் எப்போதும் ஒரு கேலியும் சேர்ந்திருக்கும். காரைத் தனியே ஓட்டுவது மட்டுமே வேலை என்றால் அந்தக் கேலியில் ஓரளவு நியாயம் உண்டு. டேட்டோனாவில் தனியாக ஓடும் கார் சுற்று முழுவதும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டியதே இல்லை. பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு காரும் தனியே ஓடி நேரம் பதிக்கும் தகுதிச் சுற்றின்போது பெரும்பாலும் அதுதான் நடக்கிறது.

ஆனால் பந்தயத்தில் 40 கார்கள் ஒன்றாக ஓடுகின்றன; முன்னால் சில அடி, பக்கத்தில் ஒரு முழம் என்ற இடைவெளியில், காரின் உட்புற வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நிலையில், மூன்றரை மணி நேரத்துக்கும் மேலாக ஓட்டுகிறார்கள். அருகில் ஓடும் ஒவ்வொரு காரும் காற்றைக் கலைப்பதால், ஸ்டீயரிங்கைத் திருப்பாமலேயே கார் ஒரு பக்கம் இழுபடும். அந்த இழுப்பை முன்கூட்டியே உணர்வதும், எவர் தனக்கு உதவுவார், எவர் கைவிடுவார் என்று நொடிக்கு நொடி கணிப்பதும்தான் இங்கே திறமை. கை வேலையைவிடக் கணிப்பு வேலையே அதிகம் என்பது என் கருத்து.

ஃபார்முலா ஒன் காரைவிட இது வேகமா?

இல்லை. ஃபார்முலா ஒன் கார் எடையில் இதில் ஏறக்குறைய பாதிதான். வேகமெடுப்பது, நிற்பது, வளைவது ஆகிய மூன்றிலும் அது வெகுதூரம் முன்னால் இருக்கிறது. நேர்ச்சாலையில் எட்டும் உச்ச வேகத்தில் மட்டும் வேறுபாடு நினைப்பதைவிடக் குறைவு. டேட்டோனாவில் கூட்டமாக ஓடும் கார்கள் மணிக்கு 305 முதல் 320 கி.மீ. வேகத்தில் செல்கின்றன. இங்கே விந்தை என்னவென்றால், தகுதிச் சுற்றில் தனியே ஓடும் கார் மணிக்கு 290 கி.மீ. அளவில்தான் ஓடும். அதே கார் கூட்டத்துக்குள் வந்ததும் வேகம் கூடிவிடுகிறது. ஏன் என்பது அடுத்த விடையில்.

ஏன் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டே போகிறார்கள்? விலகிப் போனால் ஆபத்து குறையுமே?

விலகிப் போனால் தோற்றுவிடுவார்கள். இந்த வேகத்தில் எஞ்சினின் ஆற்றலில் பெரும்பங்கு காற்றைப் பிளப்பதிலேயே செலவாகிறது. முன்னே செல்லும் கார் காற்றைப் பிளந்த பிறகு, அதன் பின்புறத்தில் அழுத்தம் குறைந்த ஒரு பகுதி உருவாகிறது. அதற்குள் புகுந்துகொள்ளும் கார் குறைந்த எதிர்ப்பில் ஓடுகிறது. எதிர்க்காற்று வீசும் நாளில் லாரிக்குப் பின்னால் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். லாபம் பின்னவருக்கு மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. முன்காரைப் பின்னோக்கி இழுக்கும் வெற்றிடத்தைப் பின்கார் நிரப்புவதால், முன்காரும் சற்று விடுபட்டு ஓடுகிறது. எனவே இரண்டு கார்கள் சேர்ந்தால் ஒற்றைக் காரைவிட வேகம் அதிகம்; பத்துக் கார்கள் கொண்ட வரிசை அதனினும் வேகமாகச் செல்லும். இதை டிராஃப்டிங் என்கிறார்கள்.

இதைக் கண்டுகொண்ட பெருமை மேலே குறிப்பிட்ட ஜூனியர் ஜான்சனுக்குத் தரப்படுகிறது. 1960-ஆம் ஆண்டுப் பந்தயத்துக்கு அவருக்குக் கிடைத்த செவ்ரோலே, அவ்வாண்டின் பான்டியாக் கார்களைவிட மிகவும் மெதுவானது. பயிற்சியின்போது ஒரு பான்டியாக்கின் பின்னால் ஒட்டிச் சென்றபோது மட்டும் தன் கார் அதற்கு ஈடுகொடுப்பதை அவர் கவனித்தார். பந்தய நாளில் அதையே உத்தியாக்கி வென்றார்.

இதற்கு எதிரான உத்தியும் உண்டு. எதிராளியின் பின்சக்கரத்துக்கு அருகே தன் காரின் மூக்கைக் கொண்டுபோய் நிறுத்தினால், அங்கே திரளும் காற்று அவருடைய காரைப் பின்னுக்கு இழுக்கும். தன் கார் முன்னேறும். இது சைடு டிராஃப்ட். இவை இரண்டும் சேர்ந்ததால் டேட்டோனாவில் ஒரு வினோதமான நிலை ஏற்படுகிறது: முந்துவதற்குப் பின்னாலிருந்து தள்ள ஒருவர் வேண்டும், அந்த ஒருவரோ தன் வெற்றிக்காகத்தான் தள்ளுகிறார். துணையின்றி வரிசையை விட்டு விலகியவர் ஒரு சுற்றுக்குள் இருபது இடங்கள் பின்தங்குவதைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

எஞ்சினின் சக்தியை வேண்டுமென்றே குறைக்கிறார்களாமே, பந்தயத்தில் போய் அப்படிச் செய்வார்களா?

செய்கிறார்கள், அதற்கு வலுவான காரணமும் இருக்கிறது. 1987-இல் பில் எலியட் டேட்டோனா தகுதிச் சுற்றில் மணிக்கு 210.364 மைல் வேகத்திலும், அலபாமா மாநிலத்தில் உள்ள டாலடேகா தடத்தில் 212.809 மைல் வேகத்திலும் ஓடினார். அதே டாலடேகா பந்தயத்தில் பாபி ஆலிசனின் டயர் வெடித்து, கார் திரும்பி, தரையை விட்டு எழும்பி, பார்வையாளர்களுக்கு முன்னிருந்த கம்பிவேலியைக் கிழித்தது. பார்வையாளர்கள் சிலர் காயமடைந்தனர். கார் மாடத்துக்குள் விழாதது நல்லூழ். அந்தப் பந்தயத்தை வென்றவர் அவருடைய மகன் டேவி ஆலிசன்.

அடுத்த ஆண்டு முதல் இவ்விரு தடங்களிலும் கார்புரேட்டருக்குக் கீழே, நான்கு துளைகள் இட்ட மெல்லிய உலோகத் தகடு ஒன்றைப் பொருத்த வேண்டும் என்று விதி வந்தது. எஞ்சினுக்குள் செல்லும் காற்று குறைந்தால் ஆற்றலும் குறையும். தகட்டோடு நடந்த 1988 டேட்டோனா 500 பந்தயத்தை, வேலியைக் கிழித்த அதே பாபி ஆலிசன் 50 வயதில் வென்றார், இரண்டாமிடம் டேவிக்கு. தகட்டின் இடத்தை 2019-இல் வேறு வடிவிலான ஓர் அடைப்பு பிடித்துக்கொண்டது. இன்றும் டேட்டோனாவில் கார்களின் ஆற்றல் சுமார் 510 குதிரைத்திறனாகக் கட்டுப்படுத்தப்படுகிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. எல்லாக் கார்களின் ஆற்றலும் ஒன்றுபோல் சுருங்கியதால் எவராலும் பிரிந்து முன்னேற முடிவதில்லை. கார்கள் திரளாகவே ஓடுகின்றன.

ஒருவர் இடறினால் இருபது பேர் மோதிக்கொள்கிறார்கள். இது திட்டமிட்டதா?

திட்டமிட்டதன்று, மேற்சொன்ன திரளின் விளைவு. மணிக்கு 305 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்குள் கார் 85 மீட்டரைக் கடக்கிறது. முன்வரிசையில் ஒருவர் தடுமாறும்போது, பின்னால் வருபவர்களுக்கு அதைப் பார்க்கும் நேரம்தான் இருக்கும், விலகும் நேரம் இருக்காது. ரசிகர்கள் இத்தகைய பெருமோதலைப் ‘பிக் ஒன்’ என்று அழைக்கிறார்கள். விபத்துக்காகவே பந்தயம் பார்ப்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அந்த ரசனையோடு எனக்கு உடன்பாடில்லை.

யார் முதலில் நிற்பது, யார் கடைசியில் நிற்பது என்று எப்படி முடிவாகிறது?

மற்றத் தடங்களில் தகுதிச் சுற்று நேரத்தை வைத்தே முழு வரிசையும் அமையும். டேட்டோனாவில் அந்த நேரம் முன்வரிசையின் இரண்டு இடங்களை மட்டுமே தீர்மானிக்கிறது. மீதமுள்ள இடங்களுக்காக, பந்தயத்துக்கு முந்தைய வியாழக்கிழமை, 150 மைல் தொலைவுள்ள இரண்டு சிறு பந்தயங்கள் ‘டூயல்’ என்ற பெயரில் நடைபெறுகின்றன. முதலாவதில் பெற்ற இடம் உள்வரிசையையும், இரண்டாவதில் பெற்ற இடம் வெளிவரிசையையும் நிரப்புகிறது.

நாற்பது இடங்களில் 36 இடங்கள் சாசன உரிமை பெற்ற அணிகளுக்கு நிச்சயமானவை. இந்த முறை 2016-இல் வந்தது. எஞ்சிய நான்குக்காகச் சிறு அணிகள் தகுதிச் சுற்றிலும் டூயலிலும் மல்லுக்கட்டுகின்றன. முன்வரிசைக்காரர்கள் காரைக் காப்பாற்றிக்கொண்டு மெல்ல ஓடும்போது, பின்வரிசையில் ஓர் அணியின் ஓராண்டு உழைப்பு பணயத்தில் இருக்கிறது. எனக்குப் பல ஆண்டுகளில் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தைவிட வியாழக்கிழமையே பிடித்திருக்கிறது.

மஞ்சள் கொடி காட்டியதும் எல்லாரும் மெதுவாகப் போகிறார்களே, முன்னிலை வகித்தவருக்கு அது அநியாயம் இல்லையா?

அநியாயம்தான், ஆனால் விதி. தடத்தில் விபத்தோ உடைந்த பாகமோ இருந்தால் மஞ்சள் கொடி காட்டப்படுகிறது. பேஸ் கார் முன்னால் வர, எல்லாக் கார்களும் அதன் பின்னால் நெருங்கி அணிவகுக்கின்றன. சம்பாதித்த இடைவெளி கரைந்துவிடும். டேட்டோனாவில் இடைவெளியே அரிது என்பதால் இழப்பு மற்றத் தடங்களைவிடக் குறைவு.

ஒரு சுற்றோ அதற்கு மேலோ பின்தங்கியவர்களுள் முதலாவதாக இருப்பவருக்கு ஒவ்வொரு மஞ்சள் கொடியின்போதும் ஒரு சுற்று இலவசமாகத் திரும்பக் கிடைக்கிறது. ‘லக்கி டாக்’ என்று வர்ணனையாளர்கள் சொல்வது இவரைத்தான். 2003 வரை, மஞ்சள் கொடி காட்டிய பிறகும் கோட்டைத் தொடும்வரை ஓட்டுநர்கள் போட்டியிட்டு ஓடலாம். நின்றுபோன கார் ஒன்று தடத்தில் கிடக்கும்போது அது எவ்வளவு அபாயமானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வழக்கத்தை ஒழித்தபோது ஈடாக வந்ததே இந்த இலவசச் சுற்று.

விபத்து எதுவும் இல்லை, ஆனாலும் 65-ஆம் சுற்றில் நிறுத்திவிட்டார்கள். எதற்கு?

2017 முதல் ஒவ்வொரு பந்தயமும் ‘ஸ்டேஜ்’ எனப்படும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. டேட்டோனாவில் முதற்பகுதி 65-ஆம் சுற்றிலும், இரண்டாவது 130-ஆம் சுற்றிலும் முடிகிறது. ஒவ்வொன்றிலும் முதல் பத்து இடத்தினருக்குப் புள்ளிகள் உண்டு. தொடக்கத்திலிருந்தே போட்டி இருக்க வேண்டும் என்பது நோக்கம். தொலைக்காட்சி விளம்பரத்துக்கும் இது வசதியாக அமைந்துவிட்டது என்பதை மறைப்பதற்கில்லை.

பிட்டில் நிற்கும் அந்தப் பத்து நொடியில் என்னதான் செய்கிறார்கள்?

ஐந்து பேர் சுவரைத் தாண்டிக் குதிக்கிறார்கள். இருவர் சக்கரங்களைக் கழற்றி மாட்டுகிறார்கள், ஒருவர் டயர்களைச் சுமந்து வருகிறார், ஒருவர் ஜாக்கியால் காரைத் தூக்குகிறார், ஒருவர் கனத்த எரிபொருள் கேனைத் தோளில் ஏந்தி நிரப்புகிறார். முன்பு ஒரு சக்கரத்துக்கு ஐந்து நட்டுகள் இருந்தன. 2022-இல் வந்த புதிய காரில் நடுவே ஒரே நட்டுதான்.

டேட்டோனாவில் நேரத்தைத் தீர்மானிப்பது டயரைவிட எரிபொருளே. ஆகவே குறைவாக நிரப்பினால் போதும் என்ற நிலையில் வருபவர் முன்னால் வெளியேறுகிறார். இதற்காகப் பந்தயத்தின் நடுப்பகுதியில் ஓட்டுநர்கள் மூன்று வரிசைகளாக அடைத்துக்கொண்டு, பாதி வேகமிதியில் எரிபொருளைச் சேமித்தபடி ஓடுகிறார்கள். உத்தியாக இது புத்திசாலித்தனமானது, பார்ப்பதற்கு அலுப்பூட்டுவது. அண்மைக்காலப் பந்தயங்களைப் பற்றி ரசிகர்கள் முணுமுணுப்பதும் இதைத்தான்.

பிட் பாதையில் மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக் கூடாது. வேகமானி இல்லாததால் எஞ்சின் சுழற்சியைக் காட்டும் விளக்குகளை வைத்தே ஓட்டுநர் அளவிட வேண்டும். மீறினால் மீண்டும் ஒருமுறை பிட் பாதை வழியாகச் சென்று வர வேண்டும். தண்டனை முடிந்து அவர் திரும்பும்போது திரள் போயிருக்கும். தனிக் காரின் கதி முன்பே சொல்லப்பட்டது. ஒரே நிறுவனத்தின் கார்களை ஓட்டுபவர்கள் கூட்டாகப் பிட்டுக்கு வந்து கூட்டாக வெளியேறுவதும் இதனால்தான்.

காதுக்குள் யாரோ பேசிக்கொண்டே இருக்கிறார்களே, அது யார்?

பெரும்பாலும் ஸ்பாட்டர். பார்வையாளர் மாடத்தின் கூரையில் நின்றபடி, ‘உள்ளே ஒருவர், இன்னும் இருக்கிறார், இப்போது காலி’ என்று வானொலியில் இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருப்பவர் அவர். தலைக்கவசமும் இருக்கைத் தடுப்புகளும் அணைத்திருப்பதால் ஓட்டுநரால் பக்கவாட்டில் பார்க்க இயலாது. எந்த வரிசை வேகம் பிடிக்கிறது என்பதை அறிந்து, அதன் முன்னே குறுக்கிடச் சொல்பவரும் ஸ்பாட்டர்தான். எப்போது பிட்டுக்கு வருவது, காரில் எதைத் திருத்துவது என்பவற்றை முடிவுசெய்பவர் க்ரூ சீஃப்.

மழை பெய்தால் ஏன் நிறுத்துகிறார்கள்? ஃபார்முலா ஒன்னில் மழையிலும் ஓட்டுகிறார்களே?

டயர்களில் வரிப்பள்ளங்கள் இல்லை. 31 பாகைச் சரிவில் இந்த வேகத்தில் நீர்ப்படலத்தின் மேல் ஓடினால் பிடிப்பே இருக்காது. சிறிய ஓவல் தடங்கள் சிலவற்றில் ஈரத்துக்கான டயர்கள் அண்மையில் வந்துவிட்டன, ஆனால் டேட்டோனாவில் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. 2024-ஆம் ஆண்டுப் பந்தயம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது.

தடத்தை உலர்த்தும் வண்டிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2012-இல், மஞ்சள் கொடியின்போது ஹுவான் பாப்லோ மொன்டோயாவின் காரில் ஏதோ உடைந்து, அது நேராகச் சென்று ஜெட் எஞ்சின் பொருத்திய உலர்த்தும் வண்டியில் மோதியது. வண்டியிலிருந்த எரிபொருள் சரிவில் வழிந்து தீப்பற்றியது. எவரும் உயிரிழக்கவில்லை. சலவைத்தூளைக் கொட்டித் தடத்தைக் கழுவிய பிறகு, இரண்டு மணி நேரத்துக்கும் மேலான தாமதத்தோடு பந்தயம் தொடர்ந்தது.

இவ்வளவு மோதியும் இறங்கி நடந்து வருகிறார்கள். எப்படி?

எப்போதும் அப்படி இருக்கவில்லை. 2001 பிப்ரவரி 18 அன்று, டேட்டோனா 500-இன் கடைசிச் சுற்றின் கடைசி வளைவில், ஏழு முறை சாம்பியனான டேல் ஏர்ன்ஹார்ட்டின் கார் சுவரில் மோதியது. பார்த்தவர்களுக்கு அது பெரிய விபத்தாகத் தோன்றவில்லை. கார் திடீரென நின்றபோது உடல் பட்டைகளில் தங்க, தலை மட்டும் முன்னோக்கி வீசப்பட்டதில் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து அவர் உயிரிழந்தார். அதற்கு முந்தைய ஒன்பது மாதங்களில் நாஸ்கார் தொடர்களின் வேறு மூன்று ஓட்டுநர்களும் மோதல்களில் இறந்திருந்தனர்.

அதன் பிறகே மாற்றங்கள் விரைந்தன. தலையையும் தோளையும் இணைத்துத் தலை வீசப்படாமல் தடுக்கும் ‘ஹான்ஸ்’ போன்ற கருவிகள் அவ்வாண்டு அக்டோபரில் கட்டாயமாயின. மோதலின் விசையை உள்வாங்கும், எஃகும் நுரைப்பொருளும் கொண்ட ‘சேஃபர்’ தடுப்புச் சுவரை நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பொறியாளர்கள் வடிவமைத்தார்கள். 2002-இல் இண்டியானாபொலிஸ் தடத்தில் முதலில் அமைக்கப்பட்டது. 2015-இல் டேட்டோனாவில் இத்தடுப்பு இல்லாத ஓரிடத்தில் மோதிக் கைல் புஷ் கால் முறிந்தார். மீதமிருந்த சுவர்களுக்கும் தடுப்பு வந்தது. 2020-இல் ரயன் நியூமனின் கார் கடைசிச் சுற்றில் கவிழ்ந்து, மற்றொரு கார் அவர் பக்கத்தில் இடித்தது. இரண்டே நாளில் அவர் மகள்களின் கையைப் பிடித்தபடி மருத்துவமனையிலிருந்து நடந்து வெளியேறினார். 2001-க்குப் பிறகு இந்த முதன்மைத் தொடரின் பந்தயம் எதிலும் ஓட்டுநர் மரணம் நிகழவில்லை.

நம் ஊர்க்காரர் யாராவது இதில் ஓட்டியிருக்கிறார்களா?

டேட்டோனா 500-இல் இல்லை, நாஸ்காரில் உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் என்று அறியப்பட்டவர், 2010-இல் நாஸ்காரின் டிரக் தொடரில் (பிக்அப் டிரக் வடிவ வண்டிகள் ஓடும் தொடர்) ஓட்டினார். மார்ட்டின்ஸ்வில் தடத்தில் நடந்த தம் முதல் பந்தயத்தில் 13-ஆம் இடம் பெற்றார். அவ்வாண்டு டிரக் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருது, ரசிகர் வாக்குகளால் அவருக்கே கிடைத்தது. இந்தியாவிலிருந்து குவிந்த வாக்குகளை அமெரிக்க ரசிகர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். இருங்காட்டுக்கோட்டையும் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் ஓவல் தடங்கள் அல்ல என்பதால், சாய்ந்த வளைவுகளுக்கு இங்கேயே பழகும் வாய்ப்பு அவருக்கு இருந்திருக்காது.

கடைசியில் யார் ஜெயிப்பார் என்றே தெரியவில்லை. இது வெறும் அதிர்ஷ்டம்தானே?

அதிர்ஷ்டத்தின் பங்கு மற்றத் தடங்களைவிட இங்கே அதிகம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று முறை சாம்பியனான டோனி ஸ்டூவர்ட் ஓய்வுபெறும்வரை இதை வென்றதில்லை. ஏர்ன்ஹார்ட்டுக்கே இருபதாவது முயற்சியில், 1998-இல்தான் கைகூடியது. அன்று எல்லா அணிகளின் பணியாளர்களும் பிட் பாதையில் வரிசையாக நின்று அவர் கையைத் தொட்டு வாழ்த்தினார்கள். மறுபுறம், 2011-இல் ட்ரெவர் பெய்ன் 20 வயது நிறைந்த மறுநாளே வென்றார். 2008 முதல் ஓட்டிவந்த மைக்கேல் மெக்டவலின் முதல் வெற்றி 2021-இல் இங்கேதான் வந்தது.

ஆனாலும் வெறும் அதிர்ஷ்டம் என்றால் ரிச்சர்ட் பெட்டி ஏழு முறையும் கேல் யார்பரோ நான்கு முறையும் வென்றிருக்க முடியாது. கடைசி இருபது சுற்றுகளில் முன்வரிசைகளில் இருப்பது திறமை. அங்கிருப்பவர்களுள் எவர் என்பதே தற்செயல். நான் பிரித்துக்கொள்ளும் விதம் இது.

200 சுற்று முடிந்த பிறகும் ஓட்டிக்கொண்டே இருந்தார்களே?

மஞ்சள் கொடிக்குக் கீழே மெதுவாக ஊர்ந்து பந்தயம் முடியக் கூடாது என்பதற்காக 2004 முதல் கூடுதல் சுற்றுகள் உண்டு. பச்சைக் கொடி காட்டி இரண்டு சுற்றுகள் ஓட விடுவார்கள். கடைசிச் சுற்றைக் குறிக்கும் வெள்ளைக் கொடியை முன்னணிக் கார் கடப்பதற்குள் விபத்து நேர்ந்தால் மறுமுயற்சி. கடந்த பிறகு நேர்ந்தால் பந்தயம் அத்துடன் முடிகிறது. 2023-இல் ரிக்கி ஸ்டென்ஹவுஸ் ஜூனியர் வென்ற பந்தயம் இப்படி 212 சுற்றுகள், அதாவது 530 மைல், நீண்டது.

கடைசிச் சுற்றில் எல்லாரும் மோதிவிட்டால் யாருக்கு வெற்றி?

மஞ்சள் விளக்கு எரிந்த கணத்தில் எவர் முன்னால் இருந்தாரோ அவருக்கு. 2024-இல் வெள்ளைக் கொடியைக் கடந்த சில நொடிகளில் விபத்தால் மஞ்சள் விளக்கு எரிந்தது. அக்கணத்தில் அலெக்ஸ் போமனைவிடச் சிறிதளவே முன்னால் இருந்த வில்லியம் பைரன் வென்றார். ஒளிப்பதிவும் தடத்தில் பதித்த உணர்விகளும் இதைத் தீர்க்கின்றன. கோடுவரை ஓடி முடித்த 2016 பந்தயத்தில் டென்னி ஹாம்லினுக்கும் மார்ட்டின் ட்ரூயெக்ஸ் ஜூனியருக்கும் இடையே 0.010 நொடியே வேறுபாடு.

இவை எதுவும் இல்லாத 1959-இல், முதல் பந்தயத்திலேயே லீ பெட்டியும் ஜானி போஷாமும், ஒரு சுற்று பின்தங்கிய மூன்றாவது கார் ஒன்றும் பக்கம் பக்கமாகக் கோட்டைக் கடந்தன. போஷாம் வென்றதாக அறிவித்துக் கோப்பை மேடைக்கும் அனுப்பிவிட்டார்கள். புகைப்படங்களையும் செய்திப்படச் சுருளையும் வரவழைத்துப் பார்த்து, 61 மணி நேரம் கழித்து லீ பெட்டியே வென்றார் என்று பில் ஃபிரான்ஸ் முடிவை மாற்றினார்.

முதலில் கோட்டைக் கடந்தவருக்குப் பரிசு இல்லை என்றார்களாம். அப்படியும் நடக்குமா?

இரண்டு வழிகளில் நடக்கும். டேட்டோனாவிலும் டாலடேகாவிலும் தடத்தின் உள்விளிம்பில் மஞ்சள் நிறத்தில் இரட்டைக்கோடு உண்டு. அதற்குக் கீழே இறங்கி எவரையும் முந்தக் கூடாது. 2008 அக்டோபரில் டாலடேகாவின் கடைசி நேர்ச்சாலையில் ரீகன் ஸ்மித் கோட்டுக்குக் கீழே சென்று டோனி ஸ்டூவர்ட்டை முந்தி முதலாவதாக வந்தார். வேறு வழியின்றித் தான் கீழே தள்ளப்பட்டதாக அவர் வாதிட்டும் பயனில்லை. வெற்றி ஸ்டூவர்ட்டுக்குப் போனது. ஸ்மித்துக்கு 18-ஆம் இடம். அந்தத் தீர்ப்பைப் பற்றி ரசிகர்கள் இன்னும் சண்டையிடுகிறார்கள். ஒளிப்பதிவைப் பார்த்தால் எனக்கு ஸ்மித் பக்கமே நியாயம் இருப்பதாகப் படுகிறது.

மற்றொரு வழி, பந்தயத்துக்குப் பிந்தைய சோதனை. 1949-இல் சார்லட்டில் நடந்த முதல் பந்தயத்திலேயே முதலாவதாக வந்த கிளென் டனவேயின் காரில் பின்பக்க ஸ்பிரிங்குகள் மாற்றப்பட்டிருந்ததால் வெற்றி ஜிம் ரோப்பருக்குத் தரப்பட்டது. பிற்காலத்தில், விதி மீறியவருக்கு அபராதமும் புள்ளிக் குறைப்பும் விதித்துவிட்டு வெற்றியை மட்டும் அவரிடமே விட்டுவைக்கும் வழக்கம் நிலைத்தது. 2019-இல் அதைக் கைவிட்டு, சோதனையில் தேறாத கார் தகுதியிழக்கும் என்று அறிவித்தார்கள். 2022-இல் போகனோ தடத்தில் முதலிரு இடங்களைப் பெற்ற ஹாம்லினும் கைல் புஷ்ஷும் இவ்வாறு நீக்கப்பட்டு, மூன்றாவதாக வந்த சேஸ் எலியட் வெற்றியாளரானார். 1960-க்குப் பிறகு முதன்மைத் தொடரில் வெற்றியாளர் ஒருவர் தகுதியிழந்தது அதுவே முதல்முறை. ஆகவே டேட்டோனாவிலும், மேடையில் கோப்பையைத் தூக்கிய பிறகு சோதனைக் கொட்டகையிலிருந்து முடிவு வரும் வரை வெற்றி உறுதியாவதில்லை.